தேவனுக்கு முன்னமே தெரியும் என்றால், என் தீர்மானம் என்னுடையதா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கறேன். ஒரு வாலிப சகோதரர் அனுப்பியிருக்கார். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கார், சொல்லல. அவர் எழுதினதை வாசிக்கிறேன்.

"ஐயா, நான் நாளைக்கு என்ன செய்வேன் என்பது தேவனுக்கு இன்றைக்கே தெரியும். அப்படியானால் அதை நான் மாற்ற முடியாது. பிறகு பாவத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? ராத்திரியில் தனியாக இருக்கும்போது போனில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் அழுது ஜெபிக்கிறேன், மறுபடியும் விழுகிறேன். எனக்கு சுயசித்தம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?"

தம்பி, முதல்ல இதை ஒளிக்காம எழுதினதுக்கு நன்றி. பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருக்கு, ஆனா உள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு புத்தியில இருந்து வந்தது, இன்னொண்ணு வேதனையில இருந்து வந்தது. புத்திக்கு வேகமா பதில் சொல்லிடறேன். வேதனைக்குத்தான் நேரம் வேணும்.

தேவனுடைய முன்னறிவைப் பத்திக் கேட்டா நான் எப்பவும் 1 சாமுவேல் 23-ஐத்தான் திறப்பேன். தாவீது கேகிலாங்கற ஊரைப் பெலிஸ்தர் கையில இருந்து காப்பாத்திட்டு அங்கேயே தங்கியிருக்கான். அவனைக் கொல்லத் துடிக்கிற சவுல் ராஜா தேடி வர்றான்னு காதுல விழுது. ஆசாரியன் அபியத்தாரைக் கூப்பிட்டு ஏபோத்தை, அதாவது கர்த்தர்கிட்ட விசாரிக்கறதுக்கான ஆசாரிய உடையை, கொண்டு வரச் சொல்றான். கர்த்தர்கிட்ட கேட்கறான்: சவுல் இங்க வருவானா? வருவான். இந்த ஊர்க்காரங்க என்னைப் பிடிச்சு அவன்கிட்ட கொடுத்துடுவாங்களா? கொடுப்பாங்க. ரெண்டுக்கும் கர்த்தர் ஆமான்னுதான் சொல்றார். சரி, என்ன நடந்தது? ரெண்டுமே நடக்கல! தாவீது தன்கூட இருந்த ஏறக்குறைய 600 பேரைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே கிளம்பிட்டான். அவன் போயிட்டான்னு கேள்விப்பட்டதும் சவுல் புறப்படறதை நிறுத்திட்டான்.

அப்ப கர்த்தர் சொன்னது தப்பாயிடுச்சா? இல்லவே இல்லை. தாவீது அங்கேயே இருந்தா என்ன ஆகுமோ அதைச் சொன்னார். அதைக் கேட்ட தாவீது, 'கர்த்தரே கொடுப்பாங்கன்னு சொல்லிட்டார், இனி நம்ம கையில என்ன இருக்கு'ன்னு தலையில கை வச்சு உட்காரல. எழுந்தான், போனான். உடனே நீங்க கேட்பீங்க, 'அவன் கிளம்புவான்னும் தேவனுக்குத் தெரியும்தானே?' தெரியும். ஆனா நடந்தது தாவீதோட கால். ஒருத்தர் அறிஞ்சிருக்கறதும் ஒருத்தர் பிடிச்சுத் தள்ளறதும் ஒண்ணு இல்ல.

இதுல இன்னொரு விஷயம். தலையெழுத்துன்னு ஒரு வார்த்தை நம்ம நாக்குல ஊறிக் கிடக்கு. ஆண்டவர்கிட்ட வந்த பிறகு அந்த வார்த்தையை விட்டுட்டோம், அதோட அர்த்தத்தை விடல. 'தேவ சித்தம்'னு பேரை மாத்தி வச்சிருக்கோம், அவ்வளவுதான். பரீட்சைக்குப் படிக்காம ஃபெயில் ஆனாலும் தேவ சித்தம், வாய்க்கு வந்ததைப் பேசி உறவு முறிஞ்சாலும் தேவ சித்தம். ஆதாம் ஆரம்பிச்சு வச்ச பழக்கம் இது. "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீ"ன்னு பதில் சொன்னான் பாருங்க. பழம் தின்ன வாய் அவனுது, பழி மட்டும் கொடுத்தவர் மேல.

தேவனுடைய சித்தமும் மனுஷனுடைய பொறுப்பும் எப்படி ஒத்துப் போகுதுன்னு சபையில ரொம்ப காலமா வாதம் நடந்திருக்கு. தேவ கிருபை இல்லாம மனுஷனால நன்மை செய்ய முடியாதுன்னு அகஸ்டின், தன் சித்தத்தாலேயே முடியும்னு பெலாஜியஸ், ரெண்டு பேரும் இதுலதான் மோதினாங்க. 418-ல கார்த்தேஜ்ல கூடின சங்கம் பெலாஜியஸோட போதனையைத் தள்ளிடுச்சு. 1524-ல எராஸ்மஸ்ங்கற அறிஞர் சுயசித்தத்துக்காக ஒரு புத்தகம் எழுதினார், அடுத்த வருஷமே சீர்திருத்தவாதி லூத்தர், மனுஷனுடைய சித்தம் கட்டுண்டு கிடக்குதுன்னு சூடா பதில் எழுதினார். 1618, 1619-ல நெதர்லாந்துல டார்ட் நகரத்துல சபைத் தலைவர்கள் இதைப் பத்தி மாசக்கணக்கா உட்கார்ந்து பேசினாங்க. இன்னிக்கும் நல்ல விசுவாசிகள் ரெண்டு பக்கமும் இருக்காங்க. ஆனா ஒண்ணு கவனிங்க: லூத்தர்கூட 'அதனால உன் பாவத்துக்கு நீ பொறுப்பில்ல'ன்னு சொல்லல. பேதுருவைப் பாருங்க. அப்போஸ்தலர் 2:23-ல, இயேசு "தேவன் நிர்ணயித்திருந்த ஆலோசனையின்படியே" ஒப்புக்கொடுக்கப்பட்டார்னு சொல்றார், அதே மூச்சுல "நீங்கள்" கொலை செய்தீர்கள்ங்கறார். ஒரே வசனத்துல ரெண்டும் இருக்கு. எப்படி ரெண்டும் சேரும்னு பேதுரு அங்க பாடம் நடத்தல. கேட்டவங்க இருதயத்துல குத்தப்பட்டு, 'நாங்க என்ன செய்யணும்'னு கேட்டாங்க. தம்பி, நீங்களும் அந்த இடத்துலதான் நிக்கறீங்கன்னு எனக்குத் தோணுது.

இப்ப ரெண்டாவது கேள்வி. 'எனக்கு சுயசித்தம் இருக்கா?'

இருக்கு. ஆனா அது எல்லாருக்கும் எப்பவும் ஒரே அளவுல இருக்கற பொருள் இல்ல. பயன்படுத்தப் பயன்படுத்த வளரும், அடகு வைக்க வைக்கக் குறையும். இஸ்ரவேலரை அனுப்ப மறுத்த எகிப்து ராஜா பார்வோனைப் பாருங்க. 'கர்த்தர்தானே அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார், பாவம் அவன் என்ன செய்வான்'னு அவனுக்காக வக்காலத்து வாங்கறவங்க நிறைய பேர். கடினப்படுத்துவேன்னு கர்த்தர் முன்னமே மோசேகிட்ட சொன்னது உண்மைதான், யாத்திராகமம் 4-லயே இருக்கு. ஆனா கர்த்தர் எகிப்து மேல அனுப்பின வாதைகள் ஆரம்பிச்ச பிறகு வரிசையா வாசிச்சுப் பாருங்க. முதல் அஞ்சு வாதையிலயும் அவன் இருதயம் கடினப்பட்டதுன்னோ, அவனே கடினப்படுத்தினான்னோதான் இருக்கு. கர்த்தர் கடினப்படுத்தினார்னு வாதைகளுக்கு நடுவுல முதல்ல வர்றது ஆறாவது வாதையில, அந்தக் கொப்புளங்கள் வந்தப்ப, 9:12-ல.

அதுல ரெண்டாவது வாதை, தவளை. படுக்கையில தவளை, அடுப்புல தவளை, மாவு பிசையற தொட்டியில தவளை. பார்வோன் மோசேயைக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொல்றான். மோசே கேட்கறார், 'தவளைங்க எப்ப போகணும், நீரே நேரம் சொல்லும்.' நாமளா இருந்தா என்ன சொல்வோம்? இந்த நிமிஷமேன்னுதானே சொல்வோம்? பார்வோன் சொன்ன பதில்: "நாளைக்கு."

நாளைக்கு! இன்னொரு ராத்திரி தவளைகளோட படுத்துக்கறேங்கறான். சிரிப்பு வருது இல்ல? எனக்கும் வரும். ஆனா சிரிச்சு முடிச்ச பிறகு உள்ள ஏதோ குத்தும். ஏன்னா நாமளும் நம்ம தவளைகளுக்கு அதே தேதியைத்தான் கொடுத்து வச்சிருக்கோம். மறுநாள் தவளை போச்சு. கொஞ்சம் இலகுவானதும் தன் இருதயத்தைக் கடினப்படுத்தினான்னு வேதம் சொல்லுது. அந்த ஒரு நாள்ல யாரும் அவன் கையைக் கட்டல. ஒவ்வொரு 'நாளைக்கு'வும் அவன் சுயாதீனத்துல ஒரு துண்டை வெட்டிக்கிட்டுப் போச்சு. கடைசியில 'இன்னிக்கு'ன்னு சொல்ற திராணியே அவனுக்கு இல்லாமப் போச்சு.

சரி, பார்வோன் அவிசுவாசி. நீங்க விசுவாசி. அதனால லோத்துகிட்ட வருவோம். லோத்து நீதிமான், 2 பேதுருவில அப்படித்தான் எழுதியிருக்கு. ஆதியாகமம் 13-ல ஆபிரகாம் அவனுக்குத் தெரிந்துகொள்ளற உரிமையை முழுசா கொடுக்கறார்: நீ இடதுபக்கம் போனா நான் வலதுபக்கம் போறேன். லோத்து கண்ணை ஏறெடுத்துப் பார்த்தான், நல்ல நீர்வளம், கர்த்தருடைய தோட்டம் மாதிரி இருந்தது. அந்த நிலத்தைத் தெரிந்துகொண்டது பாவமா? புல் இருக்கற இடத்துக்கு மந்தையை ஓட்டறது எந்தக் கட்டளைக்கு விரோதம்? இல்லையே. ஆனா 12-ம் வசனத்துல ஒரு சின்ன வரி இருக்கு: "சோதோமுக்கு நேரே கூடாரம் போட்டான்." சோதோம் பாவத்துக்குப் பேர் போன ஊர். அதுக்குள்ள போகல. நேரே போட்டான், அவ்வளவுதான். காலையில கூடாரத்துத் திரையை விலக்கினா கண்ணுல முதல்ல படறது அந்த ஊர். அடுத்த அதிகாரம், 14:12: "சோதோமிலே குடியிருந்த" லோத்து. 19-ம் அதிகாரம் முதல் வசனத்துல அந்த ஊர் வாசல்லயே உட்கார்ந்திருக்கான்.

எந்த நாள்ல லோத்து 'நான் சோதோமியனாகப் போறேன்'னு தீர்மானம் எடுத்தான்? அப்படி ஒரு நாளே கிடையாது. கூடாரத்தை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டானோ அன்னிக்கே முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு.

தம்பி, நீங்க என்கிட்ட கேட்கறது ராத்திரி 11 மணியைப் பத்தி. கதவு சாத்தியிருக்கு, லைட் அணைஞ்சாச்சு, போன் தலையணைக்குப் பக்கத்துல இருக்கு, உடம்பு அசந்திருக்கு, மனசு வெறுமையா இருக்கு. அந்த நேரத்துல 'எனக்கு சுயசித்தம் இருக்கா'ன்னு கேட்டா, ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். நான் பொய் சொல்ல விரும்பல. ஆனா 9 மணிக்கு இருந்ததே? போனை எங்க சார்ஜ் போடறதுன்னு தீர்மானிச்சப்ப உங்க சித்தம் முழுசா உங்க கையிலதான் இருந்தது. 1 கொரிந்தியர் 10:13-ல சோதனையோடுகூட தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்னு வாக்குத்தத்தம் பண்ணியிருக்கார். அந்தப் போக்கை நாம 11 மணிக்குத் தேடறோம். பெரும்பாலும் அது 9 மணியிலேயே திறந்து இருந்திருக்கும், நாமதான் தாண்டி வந்திருப்போம்.

எஜமான் போத்திபாரோட மனைவி பாவத்துக்குக் கூப்பிட்டுப் பிடிச்சப்ப, யோசேப்பு வஸ்திரத்தை விட்டுட்டு ஓடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அது ஆதியாகமம் 39:12. ரெண்டு வசனம் முன்னாடி போங்க. அவ நித்தம் நித்தம் பேசிக்கிட்டு வந்தும், அவளோட "இருக்கவும்" சம்மதிக்கலைன்னு எழுதியிருக்கு. ஓடினது ஒரு நாள். பக்கத்துல இருக்கக்கூட மறுத்தது தினமும். அன்னைக்குக் கால் ஓடினதுன்னா, அதுக்கு முன்னாடி தினமும் பழகின கால் அது. தானியேலும் அப்படித்தான், ராஜா போஜனம் தட்டுல வந்த பிறகு யோசிக்கல. அதால தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாதுன்னு தன் இருதயத்துல முன்னமே தீர்மானம் பண்ணிக்கிட்டான்.

இன்னொரு சின்ன விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா பின்குறிப்பா இவர் கேட்டிருக்கார்: 'வேலை, கல்யாணம் இதுக்கெல்லாம் தேவ சித்தம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?' அது தனியா ஒரு நாள் பேச வேண்டியது. இப்போதைக்கு இவ்வளவுதான்: பாவமில்லாத ரெண்டு வழி இருந்தா, ஜெபம் பண்ணுங்க, பெரியவங்களைக் கேளுங்க, தெரிந்துகொள்ளுங்க. விதவையோட மறுமணத்தைப் பத்தி பவுல் எழுதறப்ப, "தனக்கு இஷ்டமான" ஒருத்தரைன்னு எழுதறார், கர்த்தருக்குட்பட்டவனாக மட்டும் இருக்கணும்ங்கறார். வேலி போட்டுட்டு உள்ளே சுதந்தரம் கொடுத்துட்டார். நானும் வாலிப வயசுல ஒரு வேலைக்காக கண்ணை மூடிக்கிட்டு வேதத்தைத் திறந்து விரலை வச்சவன்தான். நாளாகமத்துல வம்ச வரலாறு வந்தது. அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான். அதுல இருந்து எந்தக் கம்பெனிக்குப் போறதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது! அன்னிக்கு விட்டேன் அந்தப் பழக்கத்தை.

திரும்ப உங்ககிட்ட வர்றேன். 'அப்ப எல்லாம் என் முயற்சிதானா, 9 மணிக்குப் போனைத் தூர வச்சா பரிசுத்தமாயிடுவேனா'ன்னு கேட்காதீங்க. பவுலே, "விரும்பாத தீமையையே செய்கிறேன்"னு ரோமர் 7-ல கதறினவர். அந்தக் கதறல் முடியற இடத்துல அவர் 'எப்படி விடுதலையாவேன்'னு கேட்கல, "யார் என்னை விடுதலையாக்குவார்"னு கேட்டார். பிலிப்பியர் 2-ல அவரே 'பிரயாசப்படுங்க'ன்னு சொல்லிட்டு, உடனே 'ஏனெனில்'னு ஆரம்பிக்கிறார்: விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே. வேண்டாம்னு உங்களுக்கு உள்ளுக்குள்ள அழுகை வருதே, அந்த விருப்பத்தைக் கொடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க?

லோத்தோட கடைசியையும் பாருங்க. விடியற நேரம், ஊர் அழியப் போகுதுன்னு தெரியும், தூதர்கள் துரிதப்படுத்தறாங்க. அப்பவும் அவன் தாமதிச்சுக்கிட்டே நிக்கறான். 19:16: கர்த்தர் அவன்மேல் வைத்த இரக்கத்தினாலே அவங்க அவன் கையைப் பிடிச்சு வெளியே கொண்டுபோய் விட்டாங்க. அவன் சித்தம் அங்க செயலத்துப் போச்சு, இரக்கம் கையைப் பிடிச்சு இழுத்தது. கை பிடிச்சவங்க ரெண்டு பேர். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேணும். சபையில நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரர்கிட்ட, எனக்கு எழுதின இதே நாலு வரியைச் சொல்லுங்க. கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் உங்க கையைப் பிடிக்க முடியாது.

நீங்க இதை எத்தனை மணிக்குப் பார்க்கறீங்களோ எனக்குத் தெரியாது. படுக்கையில படுத்துக்கிட்டுப் பார்க்கறீங்கன்னா, இதோட நிறுத்திட்டு, எழுந்து போய் இந்தப் போனை ஹால்ல வச்சிட்டு வாங்க. அடுத்த கேள்வியை நாளைக்குப் பகல்ல பார்த்துக்கலாம்.