முக்கூடல் அம்மாவின் மஞ்சப்பை

நேயர்களுக்கு வணக்கம். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குக் காப்பீட்டுத் தாள் எழுதிக் கொடுத்தே எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. கிட்னியை மாற்றுவது டாக்டர் வேலை. அதற்கான பணம் எங்கே அடைத்துக்கொள்ளும் என்று பார்ப்பது என் வேலை.

முக்கூடலில் இருந்து ஓர் அம்மா வந்தார். பீடி சுற்றுகிறவர். மகனுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தன் கிட்னியைத் தரத் தயார், பொருத்தமும் பார்த்தாயிற்று. கையில் இருந்த மஞ்சப்பையை என் மேசையில் கவிழ்த்தார். புகையிலை வாசனையோடு ரசீதுகள் விழுந்தன. "அண்ணாச்சி, எல்லாம் இருக்குல்லா?"

எல்லாம் இருந்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் குலசாமி பெயர், மகனுடைய பள்ளிச் சான்றிதழில் வாத்தியார் காதில் விழுந்த பெயர். ஊரில் கேட்டால் ஒரே ஆள். கவுண்டரில் கேட்டால் மூன்று பேர். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் தாய் நெருங்கிய உறவுதான். உறவைத் தாளில் காட்ட வேண்டுமே! இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ் என்று அலைந்ததில் ஆபரேஷன் ஏழு வாரம் தள்ளிப்போனது. "பெத்தவ நான்தான்னு சொல்லுததுக்கு இத்தனை சீலா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: டயாலிசிஸ் தொடங்கிய அன்றே பெயர்களைச் சரிபாருங்கள். கொடுப்பவர் பெயர், வாங்குபவர் பெயர், இரண்டும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போனால் பதிந்துகொள்ளலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. உறுப்பு மாற்றும் அதில் சேர்த்தி.

பலரும் இதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆபரேஷன் ஒரு நாள். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் மாத்திரை ஆயுசுக்கும். புதுக் கிட்னியை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்காமல் தடுப்பவை இவை. காசில்லை என்று நிறுத்தினால் கிட்னி போய்விடும். தனியார் பாலிசியோ, வீடு திரும்பியபின் பெரும்பாலும் அறுபது, தொண்ணூறு நாள் செலவைத்தான் தரும். மாதாமாதம் மாத்திரை எங்கே வாங்குவது, அரசு மருத்துவமனையில் பதியலாமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். அம்பாசமுத்திரத்துக்காரர் மாத்திரைக்காகச் சென்னைக்குப் பஸ் ஏற முடியுமா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார். பெயர்க் கதையில் நேரம் போய்விட்டது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு அவசரமாக இரண்டு விஷயம். கொடுப்பவரின் ஆபரேஷன் செலவு பல பாலிசிகளில் உண்டு. அவருக்கான முன்சோதனைச் செலவு பலவற்றில் கிடையாது, படித்துப் பாருங்கள். அப்புறம், பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனிக்குப் புகார். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் கிடையாது. வணக்கம்.