எங்கள் கிரவுண்டில் கடல் பக்கம் திறந்தே இருக்கட்டும்

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிகிற மணல்தான் எங்கள் கிளப் கிரவுண்டு. வழக்கமாக மீன் குழம்பு, கோவில் திருநாள் என்று வீடியோ போடுகிறவள் இன்றைக்கு ஏன் இங்கே வந்து நிற்கிறாள் என்று கேட்பீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இந்த கிரவுண்டைப் புதுப்பிப்பது பற்றி ஊர்க்கூட்டம் இருக்கிறது. கூட்டத்தில் பேச எனக்கு எவ்வளவு நேரம் கிடைக்குமோ தெரியாது. மனதில் இருப்பதை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி நீரோடியில் தொடங்கி இனயம்புத்தன்துறை வரை எட்டுக் கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. எங்கள் ஊர் அதில் ஒன்று. ஆண்கள் பெரும்பாலும் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒரு தங்கலுக்குப் போனால் ஒரு மாதம், சில நேரம் அதற்கும் மேலே. திரும்பி வந்ததும் வீட்டில் பையை வைத்துவிட்டு கிரவுண்டுக்கு வருவார்கள். தமிழ்நாட்டில் மற்ற இடங்களில் சந்துக்குச் சந்து கிரிக்கெட் என்றால், இங்கே பந்து, அதாவது கால்பந்து. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்னை சிட்டி கிளப்பில் ஆடி, ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய், 2019–20இல் இந்தியாவின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் இருந்தவர். அந்தக் கால் பழகியதும் இதே கரையில்தான்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். கோவில் சுவரில் வரைபடம் ஒட்டியிருக்கிறார்கள். செயற்கைப் புல் டர்ஃப், நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம், ஒரு பக்கம் கேலரி, உடை மாற்ற அறை, கழிப்பறை, சுற்றிலும் உயரமான கம்பி வேலி, ஒரே ஒரு கேட். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பையன்கள் போனில் அதையே வால்பேப்பராக வைத்துக்கொண்டார்கள். நானும் முதல் நாள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கழிப்பறை வேண்டுமா என்றால் கட்டாயம் வேண்டும். காலையில் இங்கே பயிற்சிக்கு வருகிற பெண்பிள்ளைகள் என்ன பாடுபடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருத்தியாக இருந்தவள்தான். அவசரம் என்றால் வீட்டுக்கு ஓடுவோம். திரும்பி வருவதற்குள் பயிற்சி பாதி முடிந்திருக்கும். மாத நாட்களில் வரவே மாட்டோம். விளக்கும் வேண்டும். டிசம்பரில் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இதெல்லாம் தேவையில்லை, பழையபடியே கிடக்கட்டும் என்று யாராவது சொன்னால் அவர்களோடு நான் சண்டை போடுவேன்.

ஆனால் அந்தக் கம்பி வேலி எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் எவர்டன் கிளப் தன் பழைய மைதானமான குடிசன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டத்தை ஆடியது. நமக்கு மாலை நாலரை மணி. எங்கள் ஊரில் எவர்டனுக்கு ஆளே கிடையாது, எல்லாம் மான்செஸ்டர் யுனைடெட்டும் பிரேசிலும் அர்ஜென்டினாவும்தான். ஆனாலும் அன்றைக்கு இந்த கிரவுண்டு ஓரத்துச் சுவரில் உட்கார்ந்து, ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் பார்த்தோம். 1892இல் திறந்த மைதானம். 133 வருஷம். சவுத்தாம்டனை 2–0 என்று ஜெயித்தார்கள், ஆனால் கேலரியில் ஆட்கள் அழுதுகொண்டிருந்தார்கள். புது ஸ்டேடியத்தில் 52,000க்கும் மேல் உட்காரலாம், ஆற்றங்கரையில் பிரமாதமாகக் கட்டியிருக்கிறார்கள், பிறகு ஏன் அழுகிறார்கள் என்று என் தம்பி கேட்டான்.

அன்று இரவே தேடிப் படித்தேன். ஒரு விஷயம் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. அந்த கிரவுண்டின் ஓரத்தில் 800க்கும் அதிகமான ரசிகர்களின் சாம்பலைப் புதைத்திருக்கிறார்கள். இறந்த பிறகு தன்னை இங்கே வைக்கச் சொல்லி எழுதி வைத்துவிட்டுப் போனவர்கள். இடம் போதவில்லை என்று 2004இல்தான் கிளப் அதை நிறுத்தியது.

2017 நவம்பர் 30. ஓகி புயல். இந்த ஊர்களில் அந்தத் தேதியைச் சொன்னால் போதும், வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களிலும் இந்த கிரவுண்டில்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கடல் நன்றாகத் தெரிகிற இடம் இதுதான். வானொலி, வயர்லெஸ், யாரோ சொன்ன செய்தி, ஒரு படகு தெரிகிறது என்று ஒரு சத்தம், எல்லோரும் எழுந்து ஓடுவோம், திரும்ப வந்து உட்காருவோம். எங்கள் கிளப் சட்டை போட்டு ஆடினவர்களும் திரும்பி வராதவர்களில் இருந்தார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, மக்களே. உடல் கிடைத்தால்தானே கல்லறை.

அதனால் ஒவ்வொரு டிசம்பரிலும் டோர்ணமென்ட் முதல் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் இந்த மேற்கு லைனில் கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும். நடுவர் விசில் எடுக்க மாட்டார். அந்த வீட்டு அம்மாமார்கள் வந்து இந்த இடத்தில் மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். காற்றில் நிற்காது, திரும்பத் திரும்பக் கொளுத்துவார்கள். அது முடிந்த பிறகுதான் பந்து நடுவில் வைக்கப்படும்.

வரைபடத்தில் இந்த மேற்குப் பக்கம்தான் கேலரியின் பின்சுவர் வருகிறது. கிரவுண்டில் நின்றால் கடல் தெரியாது.

வரைந்தவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெயில் மேற்கிலிருந்து அடிக்கிறது, காற்றும் மணலும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது, எனவே அங்கே சுவர் வைத்தார். கணக்கு சரி. ஆனால் இங்கே வந்து யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்தது டர்ஃப். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டர்ஃப் எடுத்து ஆடியவர்களுக்குத் தெரியும், மணிக்கணக்கில் வாடகை, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்ட வேண்டும். இங்கே செருப்பில்லாமல் வருகிற ஆறு வயதுப் பையன் எதைக் கட்டுவான்? பராமரிப்புச் செலவுக்குக் கட்டணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். உண்மைதான், ஏனென்றால் செயற்கைப் புல் எட்டுப் பத்து வருஷத்தில் தேய்ந்துபோகும், பிறகு மொத்தத்தையும் மாற்ற வேண்டும். அந்தப் பணத்துக்கு இப்போதே வழி சொல்லுங்கள் என்றுதான் நான் கேட்கப்போகிறேன். நடு வெயிலில் அது இயற்கைப் புல்லைவிட எவ்வளவோ அதிகமாகச் சுடும், வெறுங்காலில் நிற்கவே முடியாது. மணலுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம், ஆண்கள் எல்லோரும் ஊரில், வெளியே கொட்டுகிற மழை. மழை விட்டுப் பத்தாவது நிமிஷம் பந்து உருளும். தண்ணீரை மணல் குடித்துவிடும். எங்கள் பிள்ளைகளின் காலில் இருக்கிற பலமும் இந்த மணலில் ஓடி ஓடி வந்ததுதான்.

மற்ற ஊர்களில் என்ன ஆனது என்றும் பார்த்தேன். அர்செனல் 2006இல் ஹைபரியை விட்டுப் போனது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். பழைய முகப்பு நிற்கிறது, ஆடின இடம் குடியிருப்பவர்களுக்கான தோட்டம். அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே பந்து உருளாது. டாட்டன்ஹாம் அதே இடத்திலேயே 2019இல் 62,000 பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் கட்டி, பழைய மைதானத்தின் நடுப்புள்ளி எங்கே இருந்தது என்று தகடு பதித்து வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்தது குடிசன் பார்க்தான். இடிப்பதாக இருந்ததை நிறுத்தி, எவர்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2025–26 முதல் அங்கே பெண்கள் ஆடுகிறார்கள். அந்தச் செய்தியைக் காலைப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் சொன்னபோது ஒருத்தி கேட்டாள், ‘அக்கா, அப்போ அவங்களுக்கு ஆம்பளைங்க முடிக்கிறவரை காத்திருக்க வேண்டாமா?’ இங்கே அவர்கள் காத்திருக்கிறார்கள். சாயங்கால நேரம் எப்போதும் பெரியவர்களுக்குத்தான். விளக்கு வந்தால் அதுவாவது மாறும்.

அப்பாவிடம் இதையெல்லாம் பேசினேன். இருபது வருஷம் இந்தக் கிளப்புக்கு கோல்கீப்பராக நின்றவர். கோல் போஸ்டுக்குப் பின்னால் தொங்குகிற வலை அவர் படகில் கிழிந்த வலைதான், வருஷா வருஷம் அவரே முடிச்சுப் போடுவார். டர்ஃபைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘கேலரியைக் கிழக்குப் பக்கம் மாத்தச் சொல்லு. வெயில் கண்ணுல அடிக்கும், அடிக்கட்டும். நாங்க என்ன வெயில் பார்க்காதவங்களா’ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதையேதான் கேட்கப் போகிறேன். கேலரி கிழக்கே. கழிப்பறையும் விளக்கும் முதலில், டர்ஃபுக்கு வைத்திருக்கிற பணத்திலிருந்தே. வேலி போட்டால் மூன்று பக்கம் போடுங்கள், மேற்கில் வேண்டாம். பந்து கடலுக்குப் போகும், போனால் எடுத்துக்கொள்வோம், இவ்வளவு காலம் எடுத்ததுதானே. அச்சனிடம், அதான் எங்கள் பங்குச் சாமியாரிடம், முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பேசச் சொன்னார். பங்குப் பேரவையில் சிலருக்கு என் மேல் வருத்தம், வந்த திட்டம் இவளால் போய்விடுமோ என்று. அந்தப் பயமும் எனக்குப் புரிகிறது, இந்தக் கரைக்கு எதுவும் எளிதில் வந்ததில்லை.

உங்கள் ஊர் கிரவுண்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள், குறிப்பாக கட்டி முடித்த பிறகு சாவி யார் கையில் இருக்கிறது என்று. கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் படிப்பேன்.

இதோ, பந்து சுவரைத் தாண்டிப் போய்விட்டது. நான்தான் பக்கத்தில் நிற்கிறேன், எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.