சாவி வாங்கும் முன்: புதிய அடுக்குமாடி வீட்டைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

(திரையில்: சாமான்கள் எதுவும் இல்லாத புதிய வீட்டின் கூடம்.)

வணக்கம். சென்னையிலும் அதன் புறநகர்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களுக்கு, வேலை முடிந்துவிட்டது என்று பில்டரிடமிருந்து கடிதம் வந்ததும் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்ப்பதுதான் முதல் வேலையாக இருக்கிறது. பால் காய்ச்சுவதற்கு முன்பாக, வீடு காலியாக இருக்கும்போதே, அரை நாளை ஒதுக்கி அதை மூலைமுடுக்கெல்லாம் சோதித்துப் பாருங்கள். சமையலறை அலமாரியும் வார்ட்ரோபும் பொருத்திய பிறகு சுவரில் பாதி மறைந்துவிடும் என்பதோடு, அதன்பின் தெரியவரும் விரிசல் கட்டுமானத்தால் வந்ததா, தச்சர் துளையிட்டதால் வந்ததா என்ற வாக்குவாதத்திலேயே மாதங்கள் கழிந்துவிடும்.

சட்டம் இதில் வாங்கியவரின் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. ரெரா என்று நாம் சுருக்கிச் சொல்லும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, பொருள்களின் தரத்திலோ, வசதிகளிலோ உள்ள குறையை நீங்கள் தெரிவித்தால், பில்டர் கூடுதல் கட்டணம் எதுவும் கேட்காமல் 30 நாள்களுக்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டிய தனி வீட்டுக்குப் பொதுவாக இந்தப் பிரிவு உதவாது. அங்கே உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும், வீடு கட்டித் தருவதையும் சேவையாகக் கருதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான் துணை.

(திரையில்: குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்படுகிறது.)

சோதனையைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். சுவரின் நேர்த்தியைக் கண் பார்த்துக்கொள்ளும், தண்ணீர் போகும் பாதையைத் தண்ணீர்தான் காட்ட வேண்டும். குளியலறை, பால்கனி, துணி துவைக்கும் இடம் ஆகிய ஒவ்வொன்றிலும், வடிகால் துளைக்கு எதிர்மூலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். தரையின் வாட்டம், அதாவது வடிகாலை நோக்கிய சரிவு, சரியாக இருந்தால் ஈரம் மட்டுமே மிஞ்சும். எங்காவது குளம் போல் நின்றால், அந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் என் சொந்த வீடு. சாவி வாங்கிய அன்று, குளியலறைக் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நிற்பதைப் பார்த்தும், துடைத்துவிட்டால் போயிற்று என்று எண்ணி, வீடு முழுத் திருப்தியாக இருக்கிறது என்ற கடிதத்தில் கையெழுத்திட்டேன். நான்காவது மாதத்தில், அந்தச் சுவருக்கு மறுபுறம் உள்ள படுக்கையறையில், வார்ட்ரோபுக்குப் பின்னால் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கீறினால் வெள்ளை உப்பு மாவாக உதிர்ந்தது. நாங்கள் புழங்கியதால் வந்த ஈரம் அது என்றார் பில்டர். அந்தக் கடிதத்தைத்தான் அவர் ஆதாரமாகக் காட்டினார். டைல்ஸை உடைத்து வாட்டத்தைத் திருத்துவதற்குள் வார்ட்ரோபின் பின்பலகை உளுத்துப்போயிருந்தது.

வாளிச் சோதனை வாட்டத்தை மட்டுமே காட்டும். கழிவுநீர்க் குழாய்களைப் பதிப்பதற்காகக் குளியலறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு சரியாக இருக்கிறதா என்று அறிய, வடிகாலைத் துணியால் இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி, 48 மணி நேரம் விட்டு, கீழ்வீட்டுக் குளியலறையின் கூரையைப் பார்க்க வேண்டும். கீழ்வீட்டாரின் அனுமதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் இது நல்லதுதான்.

அடுத்தது சுவர். பகல் வெளிச்சத்தில் சமமாகத் தெரியும் பூச்சு, டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மேடுபள்ளங்களை அப்படியே காட்டிவிடும். விரிசல் எல்லாமே ஆபத்தானது அல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். வலைப்பின்னல் போல மெல்லியதாக ஓடுவது, பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தது. பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் போதும். தூணோ பீமோ செங்கல் சுவரைச் சந்திக்கும் கோட்டிலேயே நேராக ஓடுவது, இரண்டும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிவதால் வருகிறது. அந்த இணைப்பில் கோழிவலை வைத்துப் பூசாமல் விட்டிருக்கலாம் என்பதால், மேலே பட்டி வைத்து மறைப்பதை ஏற்காதீர்கள். தூணிலோ பீமிலோ தளத்திலோ விரிசல் இருந்தால், அதிலும் துருக்கறை வழிந்திருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்து வாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, பொதுவான சூழலில் 0.3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விரிசல் அகலத்தை அனுமதிப்பதில்லை.

தரை டைல்ஸை ஒவ்வொன்றாக மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். அடியில் கலவை நிறையாத டைல்ஸ் வேறு ஒலி எழுப்பும். நாலைந்து தட்டியதும் காதுக்கு அந்த வேறுபாடு பிடிபட்டுவிடும். கதவு, ஜன்னல்களைத் திறந்து மூடிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான்.

(திரையில்: மூன்று விளக்குகள் கொண்ட சோதனை பிளக் ஒரு சாக்கெட்டில் செருகப்படுகிறது.)

மின்சாரத்தில் எர்த்திங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று சிறு விளக்குகள் கொண்ட சோதனை பிளக் மின்சாதனக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை எல்லா சாக்கெட்டிலும் செருகிப் பாருங்கள், கீசருக்கும் ஏ.சி.க்கும் உரிய பெரிய சாக்கெட்டுகளை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள். வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியில், 30 மில்லிஆம்பியர் என்று குறித்த ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, இருக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தியவுடன் அது விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால், அதை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் குழந்தையைக் காப்பாற்றப்போகும் கருவி அது.

அளவுநாடாவோடு ஒரு சுற்று வந்து கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பை, ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். வெளிச்சுவரும் பால்கனியும் அந்தக் கணக்கில் சேராது, உள்தடுப்புச் சுவர்கள் சேரும். கட்டடத்தின் பணி நிறைவுச் சான்றிதழின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

பார்த்ததையெல்லாம் அறைவாரியாக எண் இட்டு, படங்களோடு பில்டருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டது மட்டும் போதாது. ஒப்படைப்புக் கடிதத்தை நீட்டும்போது, "இணைப்பில் உள்ள குறைகளைச் சரிசெய்யும் நிபந்தனைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள். கடைசித் தவணை கைமாறுவதற்கு முன்பே இந்தப் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டால், மேஸ்திரி மறுநாளே வந்து நிற்பதற்கு வாய்ப்பு அதிகம். திருத்திய பிறகு அதே இடங்களில் அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். 30 நாள் கடந்தும் அசைவில்லை என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் அளிக்கலாம். தேதியிட்ட அந்த மின்னஞ்சல்தான் உங்கள் முதல் ஆவணம்.

குடியேறிய பின் வரும் முதல் வடகிழக்குப் பருவமழையில், இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்ததும், ஜன்னல்களின் கீழ்விளிம்பையும் வெளிச்சுவர்களின் உட்புறத்தையும், மேல்தளம் உங்களுடையது என்றால் கூரையையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக, அன்றைய தேதியோடு அடுத்த எண்ணை இட்டு அனுப்பிவிடுங்கள்.