செட்டிநாடு நிலையத்தில் ஒரு கிராசிங்

வணக்கம். கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள செட்டிநாடு ரயில் நிலையத்தின் நடைமேடையிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் பலகையைச் சற்று நெருங்கிக் காட்டுகிறேன், பாருங்கள். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பொதுவான பெயரை இந்தச் சிறிய நிலையம் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பள்ளத்தூர்க்காரர்களும் கண்டனூர்க்காரர்களும் இதற்காக வழக்குப் போடாமல் இருப்பது அவர்களுடைய பெருந்தன்மை. காரைக்குடிக்கு அப்பால் தேவகோட்டை ரஸ்தா என்றொரு நிலையம் உண்டு; ரஸ்தா என்றால் சாலை. அங்கே இறங்கினால் ரஸ்தாதான் கிடைக்கும், தேவகோட்டைக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை 1929ஆம் ஆண்டிலும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை வரை 1930ஆம் ஆண்டிலும் தென்னிந்திய ரயில்வே மீட்டர்கேஜ் பாதை அமைத்தது. அதற்கு முன்பு இவ்வூர்களிலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன செட்டியார்கள், மாட்டு வண்டியில் நெடுந்தூரம் சென்றே ரயிலையோ துறைமுகத்தையோ அடைய வேண்டியிருந்தது. கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகப் புறப்பட்ட ஒருவர், மூன்றாண்டுப் பணிக்கணக்கு முடித்துத் திரும்பும்போது கடைப் பொறுப்பைப் பார்க்கும் மேலாளாகும் கனவோடுதான் அந்த வண்டியில் ஏறியிருப்பார். பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டதிலிருந்து கொழும்புப் பயணத்துக்கான வழி தனுஷ்கோடி என்றாயிற்று. மானாமதுரை அந்தத் தடத்தில் இருந்ததால், 1930க்குப் பிறகு செட்டிநாட்டுக்காரர் தம் வீட்டு வாசலிலேயே இலங்கைக்கு ரயிலேறினார் என்று சொன்னாலும் மிகையில்லை. எழும்பூரிலிருந்து இலங்கைக் கப்பலுக்காகத் தனுஷ்கோடிக்குச் சென்ற போட் மெயில் என்னும் ரயிலும் பின்னாளில் இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடியது.

என்னை வியக்க வைப்பது அந்த 1930 என்னும் ஆண்டுதான். உலகப் பொருளாதார மந்தத்தில் பர்மாவின் நெல் விலை சரிந்ததும் அதே காலத்தில்தான். செட்டியார்களிடம் கடன் வாங்கிய அங்குள்ள விவசாயிகளால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. அடமானம் வைத்த வயல்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலம், 1938க்குள் 25 விழுக்காடாயிற்று. கேட்பதற்குப் பெருஞ்செல்வம்போலத் தோன்றும். ஆனால் வட்டிக்குச் சுழன்ற பணம் சேற்றில் உறைந்துபோயிற்று என்பதே அதன் பொருள். நிலத்தைப் பெட்டியில் கட்டி ரயிலில் ஏற்ற முடியாதல்லவா? ஜப்பானியப் படை 1942இல் ரங்கூனைப் பிடித்தபோது, பலர் அத்தனையையும் விட்டுவிட்டுக் கால்நடையாகவே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஆக, வணிகம் உச்சத்தில் இருந்தபோது இங்கே ரயில் இல்லை. ரயில் வந்தபோது வணிகம் இறங்கத் தொடங்கிவிட்டது. தனுஷ்கோடியையும் 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோய்விட்டது.

ஆனாலும் பாதை வெறுமையாகிவிடவில்லை. அறந்தாங்கித் தடம் 1952இல் வந்து சேர்ந்ததால் காரைக்குடி சந்திப்பாயிற்று. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடிவதற்குள் திருச்சித் தடம் அகலப்பாதையாயிற்று. காரைக்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே 2018இல்தான் அகலப்பாதையில் வண்டி ஓடியது. பல்லவன் விரைவு வண்டி 2013 முதல் காரைக்குடியிலிருந்தே சென்னைக்குப் புறப்படுகிறது.

இன்று காலை இங்கே காத்திருப்பவர்களில் ஒருவரிடமும் கடல் கடக்கும் பெட்டி இல்லை. மூன்றடுக்குத் தூக்குச்சட்டியைத் துணிப்பையில் வைத்திருக்கும் ஓர் ஆச்சி, சீசன் டிக்கெட்டைக் கைபேசி உறைக்குள் செருகியிருக்கும் ஓர் இளைஞர், புதுக்கோட்டைக்குச் செல்லும் இரண்டு கல்லூரி மாணவிகள். ஒற்றைத் தண்டவாளமாகையால், எதிரே விரைவு வண்டி வந்தால் பயணிகள் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். அதைத்தான் கிராசிங் என்கிறோம். பத்து நிமிடம் என்பார்கள், அரைமணியாகும். இதே காரணத்தால் நான் ஒருமுறை திருச்சியில் நேர்முகத் தேர்வு ஒன்றைத் தவறவிட்டிருக்கிறேன். இப்போது ஒரு வண்டி முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன்.

கையைத் தாழ்த்தி வண்டிக்கு வழிவிடும் கைகாட்டி மரம் போய் வண்ண விளக்கு வந்து பல காலமாயிற்று. விளக்கு எரியுமே தவிர விழாது. ஆயினும் அந்த ஆச்சி சற்று முன்பு என்னிடம் கேட்டார்: "தம்பி, சிக்னல் விழுந்துருச்சா, பாருங்க." பார்த்தேன், விழுந்துவிட்டது. கேமராவை மூடிவிட்டு ஏறுகிறேன்.