மெஸ்ஸியையே கோல் போடவிடாத செக் அணி: ஸ்லாவியா பிராக்கின் ஐரோப்பியக் கதை

வணக்கம் மக்களே. இன்றைய வீடியோவில் ஸ்லாவியா பிராக் பற்றிப் பேசப் போகிறேன். 1892-ல் தொடங்கிய செக் கால்பந்து கிளப். பாதி சிவப்பு, பாதி வெள்ளை ஜெர்சி. ஐரோப்பிய கிளப் போட்டிகளான சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக், எதிலும் ஒரு கோப்பைகூட இவர்களிடம் இல்லை. இறுதிப்போட்டிக்குப் போனதும் இல்லை. ஆனால் கோப்பைக் கணக்கை மட்டும் பார்த்து இவர்களை ஒதுக்கிவிட்டால், கடந்த சில வருடங்களில் ஐரோப்பாவில் நடந்த அருமையான சில ஆட்டங்களைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

2019 சாம்பியன்ஸ் லீக் பிரிவிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்லாவியாவோடு இருந்தவர்கள் பார்சிலோனா, இன்டர் மிலன், டார்ட்மண்ட். ஆறு ஆட்டத்திலும் அடிவாங்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதல் ஆட்டமே மிலனில், சான் சிரோ மைதானத்தில். பீட்டர் ஒலாயின்கா 63-வது நிமிடத்தில் கோல் போட்டுவிட்டார். கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில்தான் இன்டரின் பரெல்லா சமன் செய்தார், 1-1. பிறகு பிராக்கில் பார்சிலோனா. மூன்றாவது நிமிடத்தில் மெஸ்ஸி கோல். அதோடு முடிந்தது என்று நினைத்தால், இரண்டாம் பாதியில் யான் போரில் சமன் செய்தார். கடைசியில் ஒரு சேம் சைடு கோலால் 2-1 என்று தோற்றார்கள். தோற்ற ஆட்டம்தான், ஆனால் பார்சிலோனாவைத் திணறடித்த ஆட்டம்.

அப்புறம் நவம்பர் 5, பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானம். மெஸ்ஸி ஆடுகிறார், சொந்த ரசிகர்கள் முன்னால் ஆடுகிறார், 90 நிமிடமும் கோல் வரவில்லை. 0-0. கோல்கீப்பர் ஒந்த்ரெய் கோலார் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஸ்லாவியா எல்லோரையும் கோல் முன்னால் நிறுத்திவிட்டுச் சும்மா தடுத்துக்கொண்டிருக்கவில்லை, முன்னேறியும் வந்தார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். அந்தப் பிரிவில் மொத்தம் 2 புள்ளி, கடைசி இடம். அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது.

இதற்கெல்லாம் பின்னால் இருப்பவர் பயிற்சியாளர் யிந்த்ரிக் திர்பிஷோவ்ஸ்கி. 2017 டிசம்பரில் ஸ்லோவான் லிபெரெட்ஸ் கிளப்பிலிருந்து வந்தார். இவர் கேட்பது ஓட்டம். எதிரணி ஆள் எங்கே போனாலும் கூடவே ஒருவர் போக வேண்டும், மைதானம் முழுக்க. பந்து போனால் உடனே போய்ப் பறிக்க வேண்டும். இதை 90 நிமிடம் செய்ய நுரையீரல் வேண்டும், மனசும் வேண்டும். அதற்கு ஏற்ற ஆட்களும் அவருக்குக் கிடைத்தார்கள். நடுக்களத்தில் டோமாஷ் சௌசெக். இளம் வயதில் ஸ்லாவியாவே அவரை வேறு அணிகளுக்குக் கடனாக அனுப்பியிருந்தது, அதில் லிபெரெட்ஸும் ஒன்று. வலது பக்கம் விளாடிமிர் சௌஃபால், அவரும் லிபெரெட்ஸிலிருந்து வந்தவர். கோடிகளைக் கொட்டி வாங்கிய நட்சத்திரங்கள் இல்லை.

இந்த அணியை நான் முழுசாக நம்பத் தொடங்கியது அதற்கு முந்தைய சீசனில், 2019 மார்ச்சில் செவியாவோடு ஆடிய யூரோப்பா லீக் ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான். செவியா யார்? 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று முறை அந்தக் கோப்பையைத் தூக்கியவர்கள். ஸ்பெயினில் நடந்த முதல் ஆட்டம் 2-2. பிராக்கில் வழக்கமான நேரத்தில் மறுபடியும் 2-2. கூடுதல் நேரம். செவியா ஒரு கோல் போட்டு முன்னேறுகிறது. சில நிமிடத்தில் வான் பியூரென் சமன் செய்கிறார், 3-3. ஆனால் அப்போது எதிரணி மைதானத்தில் போட்ட கோலுக்குத் தனி மதிப்பு உண்டு. 3-3 என்று முடிந்தால் செவியாதான் அடுத்த சுற்றுக்குப் போகும். 119-வது நிமிடம். இப்ராஹிம் திராவோரே. கோல்! 4-3. ஸ்லாவியாவின் ஈடன் மைதானத்தில் அன்றைக்கு எழுந்த சத்தத்தை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

கால் இறுதியில் செல்சி. பிராக்கில் 86-வது நிமிடத்தில் வாங்கிய ஒரே கோலால் தோல்வி. லண்டனில் பாதி நேரத்துக்குள் 4-1 என்று பின்தங்கிவிட்டார்கள். வேறு அணியாக இருந்தால் அங்கேயே தலையைத் தொங்கப் போட்டிருக்கும். இரண்டாம் பாதி தொடங்கி பத்து நிமிடத்துக்குள் ஷெவ்சிக் இரண்டு கோல், 4-3. அதற்கு மேல் முடியவில்லை. அந்த வருடம் கோப்பையை ஜெயித்ததும் செல்சிதான்.

சரி, பழைய கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் மத்திய ஐரோப்பிய கிளப்புகளுக்கு மித்ரோபா கோப்பை என்று ஒன்று இருந்தது. 1938-ல் யோசெப் பித்சான் கோல்களாகக் குவிக்க, ஸ்லாவியா அதை வென்றது. பிறகு 1996-ல் யூஇஎஃப்ஏ கோப்பை (யூரோப்பா லீக்கின் பழைய பெயர்) அரையிறுதி. அதற்கு முந்தைய சுற்றில் ரோமாவைத் தாண்டினார்கள். பிராக்கில் 2-0 ஜெயித்து, ரோமில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று பின்தங்கி, அப்புறம் வாவ்ரா போட்ட ஒற்றைக் கோலால் தப்பித்தார்கள். அரையிறுதியில் ஜிதான் இருந்த பிரான்ஸின் போர்தோ அணியிடம் இரண்டு ஆட்டத்திலும் 1-0 என்று தோல்வி. பொபோர்ஸ்கி, ஷ்மிட்ஸர், பெய்ப்ல், சுஹோபாரெக் எல்லாம் அந்த அணிதான். அதே கோடையில் யூரோ இறுதிப்போட்டி வரை போன செக் தேசிய அணியிலும் இவர்கள் இருந்தார்கள். போட்டி முடிந்ததும் ஆளுக்கொரு வெளிநாட்டு கிளப்புக்குப் போய்விட்டார்கள். ஸ்லாவியாவின் பிரச்சினையே இதுதான். ஒரு நல்ல அணி கூடி வரும்போது பணக்கார லீக்குகள் வந்து பிரித்துக்கொண்டு போய்விடுகின்றன.

2007-ல் ஆர்சனலிடம் 7-0 வாங்கியதை நிறைய பேர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். இரண்டே வாரம் கழித்து அதே ஆர்சனலைப் பிராக்கில் 0-0 என்று நிறுத்தியதை யாரும் சொல்வதில்லை.

2021-க்கு வருகிறேன். அந்த சீசனில் உள்நாட்டு லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. யூரோப்பா லீக்கில் லெஸ்டரையும் ரேஞ்சர்ஸையும் அவர்கள் ஊரிலேயே 2-0 என்று தோற்கடித்தார்கள். ஆனால் ரேஞ்சர்ஸ் ஆட்டத்தில் நடந்ததை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். ரேஞ்சர்ஸ் வீரர் கமாராவிடம் இனவெறியோடு பேசியதற்காக ஸ்லாவியா வீரர் குடேலாவுக்கு 10 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அந்த வெற்றியை என்னால் முழு மனதாகக் கொண்டாட முடியவில்லை. கால் இறுதியில் மறுபடியும் ஆர்சனல். லண்டனில் 94-வது நிமிடத்தில் ஹோலெஷ் சமன் செய்தார், 1-1. பிராக்கில் பெரிய நம்பிக்கையோடு இறங்கினார்கள். முதல் பாதியில் ஆறு நிமிட இடைவெளிக்குள் மூன்று கோல் வாங்கி, கடைசியில் 4-0. அந்த ஆட்டம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சௌசெக்கும் சௌஃபாலும் 2020-லேயே வெஸ்ட் ஹாமுக்குப் போய்விட்டார்கள். 2023 கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப்போட்டி எங்கே நடந்தது தெரியுமா? அதே ஈடன் மைதானத்தில். ஃபியோரன்டினாவை 2-1 என்று ஜெயித்து, இருவரும் தங்கள் பழைய வீட்டிலேயே ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்கள், வெஸ்ட் ஹாம் ஜெர்சியில். அவர்களுக்காக எவ்வளவு சந்தோஷப்பட்டேனோ, ஸ்லாவியாவுக்காக அவ்வளவு ஏங்கினேன்.

செவியா ஆட்டமா, கேம்ப் நோ ஆட்டமா, எது பெரிது? என் ஓட்டு செவியாவுக்குத்தான். உங்கள் ஓட்டை கமெண்டில் போடுங்கள். அடுத்து ஸ்பார்டா பிராக்கின் 1991-92 சீசனை எடுக்கிறேன், பார்சிலோனாவைப் பிராக்கில் 1-0 என்று தோற்கடித்த அணி அது.