கையில் ஒரு திருகாணிகூட இல்லாதவர்

நண்பர்களே, விண்கலத்தின் ஆன்டெனாவைச் செய்தது யார் என்று கேட்டால் கை தூக்க ஆள் உண்டு. கேமராவுக்கும் உண்டு. எல்லாப் பாகங்களும் ஒன்றோடொன்று சரியாகச் சேருகிறதா என்று பார்க்கிற சிஸ்டம்ஸ் இன்ஜினியரைக் கேட்டால், ‘இது நான் செய்தது’ என்று காட்ட அவரிடம் ஒரு திருகாணிகூட இருக்காது. செவ்வாயில் ரோவர் ஓட்டலாம் என்று கனவோடு வேலைக்கு வருவார். பாதி நாள் கூட்டத்திலும் ஆவணத்திலும் போகும். ‘அதை அவங்க பார்த்திருப்பாங்க’ என்று இரண்டு குழுக்களும் விட்டுவிட்ட விஷயத்தைத் தோண்டி எடுப்பதுதான் அவர் பிழைப்பு.

அப்படி விடுபட்ட ஒன்றின் கதை இது. காசினி விண்கலம் 1997 அக்டோபரில் சனிக்குப் புறப்பட்டது. நாசாவின் தாய்க்கலம் அது. அது சுமந்துபோன, சனியின் டைட்டன் நிலவில் இறங்க வேண்டிய ஹைகன்ஸ் என்ற சிறு கலம், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துடையது. ஹைகன்ஸ் பேசுவதைக் காசினி கேட்டுப் பூமிக்கு அனுப்ப வேண்டும். கலம் கிளம்பிய பிறகு போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற பொறியாளர் ஒரு சோதனைக்காக மல்லுக்கட்டினார். ஹைகன்ஸின் சிக்னலைப் போலவே ஒன்றை, டாப்ளர் மாற்றத்தையும் (நெருங்கும்போதும் விலகும்போதும் சிக்னலில் வரும் மாற்றம்) சேர்த்து, பூமியிலிருந்து காசினிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றார். 2000-இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து அனுப்பினார்கள். சிக்னல் கிடைத்தது. டேட்டா சிதைந்து கிடந்தது!

காரணம் என்ன? வேகமாக நெருங்கும்போது சிக்னலின் அதிர்வெண் மட்டும் ஏறாது, பிட்டுகள், அதாவது டேட்டாவின் 0-களும் 1-களும், வந்து சேரும் வேகமும் ஏறும். முதலாவதற்குக் காசினியின் ரிசீவரில் இடம் விட்டிருந்தார்கள், இரண்டாவதற்கு விடவில்லை. பறக்கும் கலத்தில் அந்த ரிசீவரைத் திருத்தவும் வழியில்லை.

ரிசீவரை மாற்ற முடியாது, பாதையை மாற்றலாமே என்றார்கள். காசினி டைட்டனுக்கு ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர் தள்ளிப் போனால், ஹைகன்ஸை நேராக நெருங்காமல் பக்கவாட்டில் கடக்கும். டாப்ளர் மாற்றம் சுருங்கிவிடும். ரேடியோவில் விழுந்த முடிச்சைப் பாதை போடுகிறவர்கள் அவிழ்த்தார்கள். இந்தத் தொழிலில் இதைவிட அழகான வேலை எனக்குத் தெரியாது.

2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் பாருங்கள், ஹைகன்ஸ் பேசிய இரண்டு ரேடியோ தடங்களில் ஒன்றுக்கான ரிசீவரை இயக்கும் கட்டளை, காசினிக்கு அனுப்பிய கட்டளை வரிசையில் விடுபட்டிருந்தது. பெரிய ஓட்டையை அடைத்தவர்களின் கண்ணில் அந்த ஒரு வரி படவில்லை. படங்களில் பாதி போயிற்று. சுமார் 350 தப்பின. டைட்டனின் காற்றை அளக்கும் சோதனையோ முழுக்க அந்தத் தடத்தையே நம்பியிருந்தது. நல்ல வேளையாக, பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள் ஹைகன்ஸின் மெல்லிய சிக்னலை நேரடியாகவே பிடித்துவிட்டன. அதிலிருந்த டாப்ளர் மாற்றத்தை வைத்தே காற்றின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்.