சைக்கிள்ல போறப்ப கார் மோதிடுச்சா? ஸ்டேஷன்ல இந்தப் பேப்பர்ல மட்டும் கையெழுத்து போட்டுடாதீங்க!

[திரையில்: எட்டு மாதிரி வளைஞ்ச சைக்கிள் வீல்]

மோதினது கார். ஆனா ஸ்டேஷன்ல கேள்வி உங்களுக்கு: "ஹெல்மெட் எங்க? லைசென்ஸ் இருக்கா?"

ரெண்டும் வேண்டாங்க. மோட்டார் வாகனச் சட்டத்துல சைக்கிள் மோட்டார் வாகனமே கிடையாது. ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் கேட்க முடியாது. சட்டப் பாடம் இவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

நிறைய கேஸ் ஸ்டேஷனுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியிலயே சொதப்பிடுது. எமர்ஜென்சியில டியூட்டி டாக்டர் ஒரு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் எழுதுவார், ஏ.ஆர். காப்பின்னு சொல்லுவாங்க. வலியில நீங்க "சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்"னு முனகினா, அவரும் அதையே எழுதிடுவார். பின்னாடி இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதல்ல தூக்கிக் காட்டுறது அந்த ஒத்த வரியைத்தான்: "தானா விழுந்தவருக்கு நாங்க எதுக்குப் பணம் தரணும்?"

அதனால இடம், நேரம், வண்டி நம்பர், எந்தப் பக்கம் மோதுச்சு, எல்லாத்தையும் சொல்லுங்க. நம்பர் தெரியலைன்னா "அடையாளம் தெரியாத கார்"னு எழுதச் சொல்லுங்க. கூட வந்தவர் பேசினாலும் இதேதான். பல பேர் கேஸை அவர்தான் கெடுப்பார்! எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

[திரையில்: பி.என்.எஸ்.எஸ். (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 181]

இப்போ கையெழுத்து. உங்க புகார் மனுல போடணும். விசாரணையில போலீஸ் எழுதிக்கிற வாக்குமூலத்துல உங்க கையெழுத்து வாங்கவே கூடாது, இது சட்டம். வெள்ளைப் பேப்பர்ல? சான்ஸே இல்ல. "சமாதானமா போறோம், மேல்நடவடிக்கை வேண்டாம்"னு எழுதின பேப்பரை நீட்டுவாங்க. வீல் மாத்தக் காசு கிடைச்சுதேன்னு போட்டுடுவீங்க. மறுநாள் தோள் வீங்கும், எக்ஸ்ரேயில காறை எலும்பு உடைஞ்சிருக்கும். அப்போ அந்தப் பேப்பர் உங்களுக்கு எதிரா பேசும்.

புகார் வாங்கினதுக்குக் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. எஃப்.ஐ.ஆர். காப்பி இலவசம், கேட்டு வாங்குங்க. "எங்க லிமிட் இல்ல"ன்னா எந்த ஸ்டேஷன்லயும் பதியக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்க. அதுவும் மறுத்தா மாவட்ட எஸ்.பி.க்குப் புகாரைத் தபால்ல அனுப்புங்க, அதே பி.என்.எஸ்.எஸ்.ல பிரிவு 173(4). பெண்கள், 60 வயசு தாண்டினவங்க, உடம்பு ரொம்ப முடியாதவங்க இவங்களை சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்கணும்.

சைக்கிளை இப்பவே ரிப்பேருக்கு விட்டுடாதீங்க. ஃப்ரேம்ல ஒட்டியிருக்கிற காரோட பெயின்ட்டைக் கிட்டப் போய் போட்டோ எடுங்க.

நஷ்டஈட்டு மனு? விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துல போட்டுடுங்க. உங்க ஊர் தீர்ப்பாயத்துலயே போடலாம். மோதிட்டு ஓடிட்டானா, வண்டியே கிடைக்கலையா? பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம், தனித் திட்டமே இருக்கு. அதுக்கு எப்படி விண்ணப்பிக்கிறதுன்னு வேணும்னா கமென்ட்ல "ஹிட் அண்ட் ரன்"னு போடுங்க.